பெட்டி மாறலாம், எழுத்து மாறலாமா? - பழவேற்காட்டிலிருந்து ஒரு பாடம்

பழைய கணினியிலிருந்து புதுக் கணினிக்குக் கோப்புகளை மாத்தறதுல என்னய்யா வரலாறு இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு. அதுவும் நம்ம பழவேற்காட்டுல தொடங்குற வரலாறு. கொஞ்சம் பொறுமையா கூடவே வாங்க.

சென்னைக்கு வடக்கே ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். ஏரியில பெரும்பங்கு ஆந்திராவுல இருந்தாலும், கடல் வாய் பக்கத்துல இருக்குற ஊர் நம்மளுது. 1610 வாக்கில் ஒல்லாந்தர் வந்து இறங்கினாங்க. 1613-ல் கெல்டிரியா கோட்டை எழும்புச்சு. 1690-ல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாத்தற வரைக்கும், சோழமண்டலக் கரையில டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமை ஊர். துணி போச்சு, வெடிமருந்து போச்சு, அடிமைகளா மனுஷங்களும் போனாங்க. கடைசியா 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. இன்னைக்குக் கோட்டை இருந்த இடத்துல மண்மேடும் முள்ளும்தான். கல்லறைத் தோட்டத்துல மட்டும் செதுக்கின கற்கள் நிக்குது.

கோட்டை போயிடுச்சு. ஆனா கோட்டைக்குள்ள எழுதின கணக்கு போகலை. ஏன்? ஒரே காரணம், நகல்.

கம்பெனிக்காரன் எதையும் ஒரு பிரதியோட விடமாட்டான். கடிதம், கணக்கு, தீர்மானம் எல்லாத்துக்கும் நகல் எழுத ஆள் வெச்சிருந்தான். முக்கியமான தாள்களை வெவ்வேறு கப்பல்ல அனுப்புவான். ஒண்ணு மூழ்கினா இன்னொண்ணு சேரும். இப்படிச் சேர்ந்த கம்பெனி ஆவணங்கள் இன்னைக்கு ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னைன்னு அஞ்சு ஊர்ல இருக்கு. எல்லாம் சேத்து சுமார் 2.5 கோடிப் பக்கம். 2003-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தாங்க. சென்னையில எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்குறதுல பெரும்பகுதி கொச்சி பக்கத்தது. பழவேற்காட்டுக் கதை அதிகமா கிடைக்கிறது ஹேக்கில். இங்கேருந்து அடிமைகளைக் கப்பலேத்தினதை நாம இன்னைக்குப் பேசுறோம்னா, அதைச் செஞ்சவனே எழுதி வெச்ச நகல்தான் சாட்சி.

சரி, தாள் பத்திரமா இருக்கு. படிக்க முடியுமா? அங்கதான் சிக்கல். 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தை இன்னைய டச்சுக்காரனே சாதாரணமா படிக்க முடியாது. அதுக்குன்னு பயிற்சி வேணும். இப்பதான் கணினியை வெச்சே அந்தக் கையெழுத்தைப் படிக்க வைக்கிற வேலை நடந்து, லட்சக்கணக்கான பக்கங்கள் தேடக்கூடிய எழுத்தா மாறியிருக்கு. ஆக, கோப்பு பிழைக்கிறது வேற, எழுத்து பிழைக்கிறது வேற. இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஊர்ப் பேரையே பாருங்களேன். பழவேற்காடு டச்சுக்காரன் வாயில பலியகாட்டா ஆச்சு, ஆங்கிலேயன் வாயில புலிகாட் ஆச்சு, மலாய்க்காரங்க கட்டுற கைலியில பெலிகாட் ஆகி உக்காந்திருக்கு. ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் எழுத்து கொஞ்சம் சிதையுது. இப்ப நம்ம பெட்டிக்கு வருவோம் :-)

நம்ம கூட்டத்துல பழைய ஆளுங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே இடம் கொடுத்தாச்சு. ஆனா விண்டோஸ் 2000 வந்தப்பதான் லதா எழுத்துருவோட அது சாதாரண ஜனங்க பெட்டிக்குள்ள நுழைஞ்சுது. அதுவரைக்கும் ஆளுக்கொரு குறியாக்கம். ஒரு எழுத்துருவுக்கு இருந்தது 256 அறை. முதல் 128 ஆங்கிலத்துக்குப் போச்சுன்னா மிச்சம் 128. நம்ம 247 எழுத்தும் கிரந்தமும் அதுல எப்படி அடங்கும்? அதனால கொம்பு, கால், புள்ளி வெச்ச எழுத்துன்னு துண்டு துண்டா அடுக்கினாங்க. யார் எந்த அறையில எதை வெச்சாங்கங்கறது அவங்கவங்க இஷ்டம்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் இணையத்துல கூடிப் பேசி திஸ்கி உருவாச்சு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து, டாம், டாப்னு ரெண்டு குறியாக்கமும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. இன்னொரு பக்கம் ஈழத்து நண்பர்கள் பலரும் பாமினியில எழுதினாங்க. பாமினி நேரா ஆங்கில எழுத்தோட அறையிலேயே குடியேறிடும். 'தமிழ்'னு அடிச்சா உள்ளே பதிவாகிறது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தா தமிழ், இல்லேன்னா ஜேகேபிஓ.

2001-ல் பழவேற்காட்டுக்கு நாலஞ்சு தடவை போய்ட்டு வந்து நான் அடிச்ச குறிப்பெல்லாம் திஸ்கியில, விண்டோஸ் 98-ல. எல்லாம் பாடு பத்தினது. தெரியாதவங்களுக்கு: ஏரியில நல்ல இடம் குறைச்சல், வலை அதிகம். அடிச்சுக்காம இருக்க, உரிமையுள்ள ஆளுங்க சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த முறைன்னு பிரிச்சுக்கிறதுதான் பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் - இந்த மூணு ஊரு பாட்டு முறையைப் பத்தி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல் ஒரு ஆய்வறிக்கையே போட்டிருக்கு. நான் எழுதினது அந்த அளவுக்கு ஒண்ணும் இல்லை. கரையில வலை பின்னிக்கிட்டிருந்த பெரியவங்க சொன்ன வலைப் பேரு, காத்துப் பேரு, ஏரி வாய் அடைஞ்ச வருஷத்துக் கதை. சொன்னவங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கு இல்லை.

அந்தப் பெட்டியோட வன்தட்டைக் கழட்டி, யூஎஸ்பி மாற்றியில சொருகி, புதுசுல எல்லாத்தையும் இறக்கினேன். ஒரு கோப்பு குறையலை, ஒரு பைட் குறையலை. திறந்தா பூச்சியும் புழுவுமா இருக்கு! டச்சுக் கையெழுத்தைப் பாத்த மாதிரியேதான்.

இதுல ஒரு நுட்பம் இருக்கு. திஸ்கி, கண்ணுக்குத் தெரியற வரிசையில எழுத்தை வைக்கும். 'கெ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க. யூனிகோடு, உச்சரிக்கிற வரிசையில வைக்கும். முதல்ல க, அப்புறம் கொம்பு. அதனால ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி வெச்சா மட்டும் போதாது, இடத்தையும் மாத்தணும். 'கொ'வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால், ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கணும். இந்த வேலையைத்தான் சுரதாவோட பொங்குதமிழும், என்.எச்.எம். மாற்றியும் நமக்குச் சும்மா செஞ்சு கொடுத்துச்சு. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டமும் திஸ்கியில இருந்த நூல்களை யூனிகோடுக்குக் கொண்டுபோச்சு. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா அறிவிச்சது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல. அதுக்குள்ள 2009 அக்டோபர்ல ஜியோசிட்டீஸ் மூடி, அங்க இருந்த நம்மாளுங்க பக்கங்கள் எத்தனையோ போயிடுச்சு.

என் குறிப்பு அரை மணி நேரத்துல தமிழாயிடுச்சு. எந்த எழுத்துருன்னு தெரிஞ்சதால பொழைச்சேன். உங்ககிட்ட பழைய வன்தட்டோ ஃபிளாப்பியோ இருந்தா இதைச் செய்ங்க:

முதல்ல நகல். மூலத்தைத் தொடாதீங்க. பழைய திஸ்கிக் கோப்பைப் புது எடிட்டர்ல திறந்து, பூச்சியா தெரியறப்பவே சேமிச்சீங்கன்னா, புரியாத எழுத்தை எல்லாம் அது ஒரே கேள்விக்குறியா மாத்தி எழுதிடும். அப்புறம் எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

ரெண்டாவது, எழுத்துருவையும் சேத்து நகல் எடுங்க. பழைய பெட்டியில ஃபான்ட்ஸ் அடைவை அப்படியே அள்ளுங்க. வேர்டு கோப்புன்னா எழுத்துரு பேரு உள்ளேயே இருக்கும். அந்தப் பேருதான் சாவி.

மூணாவது, மாத்தின பிறகு கொ, கோ, கௌ வர்ற சொல்லாப் பாத்து சரிபாருங்க. தப்பு பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

நாலாவது, வெறும் உரைக் கோப்பா ஒரு பிரதி, வேற ஊர்ல இருக்கற நண்பர்கிட்ட ஒரு பிரதி. ரெண்டு கப்பல் கணக்கு!

லாபக் கணக்குக்காக டச்சுக்காரன் இத்தனை நகல் எடுத்தான். ஆனா அவன் தாள்ல பாடு முறை பத்தியோ, ஏரிக் காத்துக்கு நம்மாளு வெச்ச பேரு பத்தியோ தேடினா என்னத்தைப் பெருசா கிடைக்கும்? அதை எழுத வேண்டியவங்க நாம. உங்க ஊர்க்கதை ஏதாவது பரண் மேல பழைய பெட்டிக்குள்ள ஜேகேபிஓன்னு கிடக்குதா? இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க. மாத்தறதுல சிக்கல் வந்தா எழுத்துரு பேரோட ஒரு வரி எழுதுங்க, சேந்து பாப்போம்.