மர பைப் செய்யப் போறீங்களா? டிரில் பிட்டை முதல்ல கவனிங்க!

பிரான்ஸின் சான்-க்ளோட் நகரம் 19-ம் நூற்றாண்டிலிருந்தே பிரையர் மர பைப்களுக்குப் பெயர்போனது. அதே வேலையை வீட்டில் முயலும் புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது துளை போடும்போதுதான். ஒரு பைப்புக்கு மூன்று துளைகள்.

* புகையிலைக் கிண்ணம்: சுமார் 19 மி.மீ. அடிப்பகுதி உருண்டையாக வரணும். இதற்கு ஸ்பூன் பிட் இருக்கு. பட்ஜெட் இடித்தால், ஸ்பேடு பிட்டை வளைவாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

* காம்பு செருகும் துளை: சுமார் 8 மி.மீ.

* புகை வழி: சுமார் 4 மி.மீ. நீளமான பிட் வேணும். கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் போய்ச் சேரணும். மேலே ஏறிவிட்டால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும்; கட்டையே வீண். அதனால் பக்கவாட்டில் பென்சில் கோடு போட்டுட்டு ஆரம்பிங்க.

டிரில் பிரஸ் இருந்தால் கோணம் பிசகாது. கை டிரில்தான் என்றால், கட்டையை வைஸில் இறுக்குங்க. கையில் பிடித்தால் பிட் சிக்கி கட்டை சுழலும், விரலுக்கு ஆபத்து. சதுரக் கட்டைதான் வைஸில் நன்றாக நிற்கும் என்பதால், துளைத்த பிறகே வெளிவடிவம் செதுக்குங்க. கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். முதல் பயிற்சி வேஸ்ட் மரத்தில் இருக்கட்டும்.

ஒண்ணு மறக்காதீங்க: பைப் புகையும் வாய்ப் புற்றுநோய் தரும். ஷெல்ஃபில் வைத்து ரசிச்சா போதுமே!