ஸ்ரீவிஜயம்: கழிமுகத்தில் நின்ற அரசு

கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸீராஃப் நகரத்து அபூ ஸைத் தொகுத்த கடற்பயணச் செய்திகளில், ஸாபஜ் நாட்டு மகாராஜாவைப் பற்றிய கதை ஒன்று உண்டு. அவரது அரண்மனையின் முன்னே கடலோடு இணைந்த உப்பங்கழி ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் ஒரு பொற்கட்டி அதில் எறியப்படும். நீர் ஏறும்போது பொன் மறையும். வற்றும்போது வெயிலில் மின்னும். மன்னர் இறந்ததும் கட்டிகளை எண்ணிப் பங்கிடுவர். மிகுதியாக விட்டுச் சென்றவரே பெருமைக்குரியவர்.

ஸாபஜ் என்பது பெரும்பாலும் ஸ்ரீவிஜயத்தையே குறிக்கும் என்பர். கதை மிகையாகலாம், ஆனால் அவ்வரசின் கருவூலம் நீரில் இருந்தது என்பது மிகையன்று. அதன் தலைநகரான பலெம்பாங், சுமத்ராவில் மூசி ஆற்றின் கரையில், சதுப்பு நிலங்களுக்குப் பின்னே அமைந்திருந்தது. எரிமலை மண்ணில் நெல் விளைத்த ஜாவாவின் அரசு போரோபுதூரை எழுப்பியது. அத்தகைய கல்மலை எதையும் பலெம்பாங் விட்டுச் செல்லவில்லை. கட்டடங்களைக் கொண்டே அரசை அளந்தவர்களின் கண்ணுக்கு அது படாமற்போனதில் வியப்பில்லை. 1918இல் ஜார்ஜ் செதேஸ் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் இணைத்துக் காட்டிய பின்னரே அது வரலாற்றில் மீண்டும் இடம்பெற்றது.

நெல்லுக்கு ஈடாக அதற்குக் காற்று வாய்த்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்தும், வடகிழக்குப் பருவக்காற்று சீனத்திலிருந்தும் கப்பல்களைக் கொண்டுவந்தன. இரண்டும் வெவ்வேறு பருவங்களாதலால் சரக்கும் மனிதரும் இடையில் எங்கேனும் காத்திருந்தாக வேண்டும். 671இல் பாரசீகர் ஒருவரின் கப்பலில் குவாங்சௌவிலிருந்து புறப்பட்ட சீனத் துறவி இ-சிங், இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்து ஆறு மாதம் தங்கினார். அக்காலத்தைச் சமஸ்கிருத இலக்கணம் கற்பதில் செலவிட்டார்.

உள்நாட்டுக் காடுகளின் கற்பூரமும் சாம்பிராணியும் ஆற்று வழியே இறங்கின. எனவே கழிமுகத்தைப் பிடித்தவன் காட்டையும் பிடித்தான். ஆனால் கடலோடிகளின் விசுவாசத்தை எதைக் கொண்டு கட்டுவது? பங்கு கிடைக்கும்வரை காவலராயிருப்போர், அது குறைந்தால் கொள்ளையராகலாம். பலெம்பாங்கில் கிடைத்த தெலாகா பாத்து கல்வெட்டு இவ்வச்சத்தின் ஆவணம் எனலாம். ஏழு தலை நாகம் செதுக்கிய கல்லின்மேல் நீரூற்றி, அதைக் குடித்துச் சத்தியம் செய்வித்தனர் என அறிஞர் கருதுவர். துரோகம் செய்தால் சாபம். சாபத்துக்குள்ளாவோர் வரிசையில் இளவரசரோடு கப்பல் தலைவரும் வணிகரும் வருகின்றனர். வணிகரைக் குறிக்கும் ‘வணியாக’ என்ற சொல் நமக்கு அந்நியமன்று.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப ராஜராஜனின் ஆதரவைப் பெற்ற இவ்வரசை, 1025இல் அவர் மகன் ராஜேந்திரனின் கடற்படை தாக்கியது. பின்னர் சீன வணிகர் தாமே தெற்கு நோக்கிக் கப்பலோட்டத் தொடங்கியபோது இடைத்தரகனின் தேவையும் குறைந்தது. வடசுமத்ராவின் கரையில் பாசை எழுந்தது. அதன் சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹின் கல்லறை ஹிஜ்ரி 696 (1297) என்று ஆண்டு காட்டுகிறது.

1400ஆம் ஆண்டளவில் மலாக்காவை நிறுவிய பரமேசுவரர், பலெம்பாங்கிலிருந்து வந்தவரென்று போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதுகிறார். அவர் தேர்ந்த இடமும் ஓர் ஆற்றின் முகமே. அங்கும் நெல் போதாது. ஜாவாவிலிருந்து அரிசி கப்பலில் வந்தது.