வண்ணப் பின்னல் சுருக்குப்பை

வண்ணப் பின்னல் சுருக்குப்பை என்பது பல நிறக் கம்பளி நூல்களால் கையால் பின்னி, உள்ளே லைனிங் துணி வைத்துத் தைக்கும் சிறு பணப்பை. இந்தப் பின்னல் முறைக்குப் பெயர்பெற்ற இடம் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகள். 1951இல் அங்கே கன்னிஸ்டர் என்னும் இடத்தில் எரிப்பதற்காகச் சதுப்புநிலக் கரிமண்ணை வெட்டியவர்கள், புதைந்துகிடந்த ஒருவரின் கம்பளி உடைகளைக் கண்டெடுத்தனர். உடன் இருந்த சாம்பல் நிறச் சுருக்குப்பையில் சிவப்பும் வெள்ளையுமாக வடிவங்கள் ஓடின. உள்ளே டச்சு, சுவீடன் நாணயங்கள். அவற்றுள் பிந்தியது 1690ஆம் ஆண்டினது. ஷெட்லாந்தில் கிடைத்த பலநிறப் பின்னல்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக இப்பை கருதப்படுகிறது.

இன்று இப்பாணிக்கு வழங்கும் பெயர் ஃபேர் ஐல் என்ற சிறு தீவினுடையது. 1588இல் அத்தீவில் மோதி உடைந்த ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் இதைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். சுவையான கதைதான், சான்று இல்லை.

எத்தனை நிறங்கள் பையில் தெரிந்தாலும் ஒரு வரிசையில் இரண்டு நூல்களே வேலை செய்யும். ஒரு நிறம் கண்ணியாகும்போது மற்றது பின்புறத்தில் தளர்வாகக் கிடந்து செல்லும். அந்நூலை இழுத்துப் பிடித்தால் பின்னல் சுருங்கிவிடும். அளவுமீறி விட்டால் தொங்கும். அதனால்தான் மரபான வடிவங்களில் ஒரே நிறம் ஐந்தாறு கண்ணிகளுக்கு மேல் தொடர்வது அரிது. முன்பக்கம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும்படி பையைக் குழாய்போல வட்டமாகப் பின்னுவார்கள். ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் தோல் பட்டை கட்டி, அதன் துளையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொண்டு பின்னினர். ஊசியின் பாரம் கையில் விழாததால் வேகம் கூடியது.

மெல்லிய நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 30 கண்ணிகள் வரும் எனக் கொண்டால், 66 கண்ணிகள் 22 செ.மீ. சுற்றளவு தரும், தட்டையாக வைத்தால் பை 11 செ.மீ. அகலம். ஆறு கண்ணி வடிவம் அதில் பதினொரு முறை மிச்சமின்றி அமையும். வாய்ப்பகுதியில் ஒரு வரிசைத் துளைகள் விட்டு, அடியைக் கண்ணிகளை இணைத்து மூடுவார்கள்.

பின்புறம் ஓடும் நூல்களில் விரலும் சாவியும் மாட்டிக்கொள்ளும். நாணயத்தின் கனத்தால் பின்னலும் தொய்யும். லைனிங் இரண்டையும் தடுக்கிறது, அளவு சரியாக இருந்தால். முதலில் பையை நனைத்து, வடிவம் திருத்தி, உலர்த்த வேண்டும். கம்பளி நனைந்த பிறகுதான் தன் உண்மை அளவுக்கு வரும் என்பதால் அதற்கு முன் துணி வெட்டுவது வீண். பருத்தித் துணியையும் துவைத்துச் சுருக்கிய பிறகே வெட்டுவது நல்லது. 11 செ.மீ. பைக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. தையலுக்கு விட்டு, 13 செ.மீ. அகலத்தில் இரு துண்டுகள் போதும். ஆழத்தைப் பையைவிட ஒரு நூலளவு குறைத்தால் பாரம் முழுவதும் துணியில் நிற்கும்.

மூன்று பக்கம் தைத்த லைனிங்கைத் திருப்பாமல், தையல் பிசிறுகள் பின்னலின் பக்கம் பார்க்கும்படி உள்ளே இறக்குவார்கள். வாய்விளிம்பை மடித்து, கயிற்றுத் துளைகளுக்குச் சற்றுக் கீழே கைத்தையலால் எம்மிங் செய்வார்கள். ஊசி பின்புற நூலை மட்டும் பிடித்தால் தையல் வெளியே தெரியாது. பின்னல் இழுபடும், துணி இழுபடாது. எனவே தைக்கும்போது வாயை நீட்டிப் பிடிக்கக் கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரு முறுக்குக் கயிறுகளைக் கோத்தால் ஒரே இழுப்பில் வாய் மூடும். ஜிப் வைப்பதானால் அதை முதலில் பின்னலில் தைத்துவிட்டு, லைனிங்கை அதன் நாடாவோடு இணைப்பது வழக்கம்.