ஆணழகனுக்குப் பெண்பால் என்ன?

உடலைத் திரட்டி வளர்த்து மேடையேறிக் காட்டும் போட்டிக்கு நம் ஊரில் 'ஆணழகன் போட்டி' என்றே பெயர். இச்சொல்லுக்குப் பெண்பால் எதுவென்று வகுப்பறையில் கேட்டால், மாணவர்கள் தயங்காமல் 'பெண்ணழகி' என்பர். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அச்சொல் நம் மனத்தில் எழுப்பும் காட்சி முற்றிலும் வேறு: தலையில் மகுடம், தோளில் பட்டை, முகத்தில் மாறாப் புன்னகை. தசைவலிமைக்கு அதில் இடமேயில்லை. பெண்ணுக்கு 'மெல்லியல்' என்றே பெயர் சூட்டி மகிழ்ந்த மொழியில் இது வியப்பன்று எனலாம். எனினும் இவ்விடைவெளி தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் அது நெடுங்காலம் இருந்தது. அவ்விடைவெளிக்குள்ளேயே பயின்று, போட்டியிட்டு, இல்லறம் நடத்தி, ஒரு மகளையும் வளர்த்த பெண்மணி ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 1917 ஆகஸ்ட் 11 அன்று பிறந்தவர் ஆபி எவில். குழந்தைப் பருவத்தில் தந்தை செல்லமாக இட்ட பெயர் 'பட்ஜி'. குண்டுப் பெண் என்று பொருள். பிற்காலத்தில் உலகமே வியந்த உடற்கட்டைப் பெற்ற பின்னும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக அமர்ந்தார். உட்கார்ந்தே செய்யும் வேலை. உடல் பருக்கத் தொடங்கியது. அவர்மீது அன்பு கொண்டிருந்த லெஸ் ஸ்டாக்டன் என்ற கல்லூரி மாணவர் ஓர் இணை டம்பெல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். காதற்பரிசாக இரும்பு! இருவருக்கும் 1941இல் திருமணம் நடந்தது.

வலிமை மிக்க பெண்கள் அதற்கு முன் இல்லாமல் இல்லை. வியன்னாவை அடுத்து 1884இல் சர்க்கஸ் குடும்பமொன்றில் பிறந்த கேட்டி சாண்ட்வினா, தம் கணவரை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கி நிறுத்தியவர். 1911இல் அமெரிக்காவின் பார்னம்-பெய்லி சர்க்கஸில் பெரும்புகழ் பெற்றார். இரு மகன்களையும் பெற்று வளர்த்தார். ஆனால் அவரைக் கண்டவர்கள் பிறவி அதிசயம் ஒன்றைக் கண்டதாகவே எண்ணிக் கைதட்டிவிட்டு வீடு திரும்பினர். தம் வீட்டுப் பெண்ணும் அவ்வாறு ஆகலாம் என்று ஒருவரும் எண்ணவில்லை. ஆபியின் பங்களிப்பு இங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. அவர் சர்க்கஸ் குடும்பத்தினர் அல்லர். கூடாரமும் நுழைவுச்சீட்டும் இன்றித் திறந்த கடற்கரையில் பயின்றார். ஐந்தடி இரண்டங்குல உயரமும் 52 கிலோ எடையும் கொண்ட அடுத்த வீட்டுப் பெண் அவர்.

அக்கடற்கரைக்கு 'மசில் பீச்' என்று பெயர். லெஸ்ஸின் உயர்த்திய கைகளின்மேல் ஏறி நின்று, சுமார் 45 கிலோ எடையுள்ள பளுவைத் தலைக்குமேல் தூக்குவார் ஆபி. சில சமயம் முறை மாறும். தம்மினும் கனமான கணவரைத் தம் இரு கைகளில் தலைகீழாக ஏந்தி நிற்பார். இப்பயிற்சிக்கு ஏற்ற ஈருடை நீச்சலுடை அன்று கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. எனவே அது வீட்டிலேயே தைக்கப்பட்டது. பின்னாளில் நாகரிகம் எனப்பட்ட ஒன்று தேவையின் பொருட்டுத் தையல் இயந்திரத்தில் பிறந்ததை ஆடை வரலாறு எழுதுவோர் கவனிக்கலாம்.

பளு தூக்கினால் பெண்மை குன்றும், ஆண்போலத் தோற்றம் மாறும், பிள்ளைப்பேற்றுக்கே தீங்கு வரும் என்பன அக்காலத்தில் வேரூன்றிய நம்பிக்கைகள். பாப் ஹாஃப்மன் நடத்திய 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' இதழில் 1944 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் 'பார்பெல்ஸ்' என்ற பகுதியை ஆபி எழுதினார். பளு என்ற சொல்லையும் அழகி என்ற சொல்லையும் பிணைத்த சிலேடை அத்தலைப்பு. நாம் மேலே தேடிய பெண்பாற்சொல்லை அவர் தாமே ஆக்கிக்கொண்டார் போலும்! எடைப்பயிற்சி செய்யும் பிற பெண்களைப் படங்களோடு அதில் அறிமுகப்படுத்தினார்.

எழுதியதோடு நிற்கவில்லை. பெண்களுக்கென முறையான அங்கீகாரம் பெற்ற பளுதூக்கும் போட்டி 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற அவரே முன்னின்று உழைத்தார். அதில் தாமும் கலந்துகொண்டு மூன்று முறைகளில் 100, 105, 135 பவுண்டு தூக்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதல் இடம்பெற்றது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அங்குக் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றதை நாம் கொண்டாடினோமே, அந்த மேடைக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடைக்கும் இடையே 53 ஆண்டுகள்.

1948இல் பெர்னார் மாக்ஃபாடன் ஆபிக்கு 'மிஸ் பிசிக்கல் கல்ச்சர் வீனஸ்' பட்டத்தையும் ஆயிரம் டாலர் பரிசையும் அளித்தார். பெயரைப் பாருங்கள்: ஒரு புறம் உடற்பயிற்சி, மறுபுறம் ரோமானிய அழகுத் தெய்வம். உடலை வளர்த்ததற்காகவே ஒரு பெண்ணைப் பாராட்ட அன்றைய மேடை இன்னும் கூசியது. அதே காலத்தில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை ஸ்டாக்டன் இணையர் சன்செட் புலவாரில் திறந்தனர். 1950இல் பெவர்லி ஹில்ஸில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக அடுத்தடுத்து இரு கூடங்கள் எழுந்தன.

1953இல் மகள் லாரா பிறந்தாள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பளு தூக்கியவர், முப்பத்தைந்து வயதுக்குப் பின் தாயானார்! பிள்ளைப்பேறு பற்றிய அச்சத்துக்கு எத்தனை கட்டுரைகள் எழுதினும் இதனினும் தெளிவான விடை கிடைத்திராது. ஆனால் ஒன்றையும் நாம் மறைக்கலாகாது. நாற்பதுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட இதழ்களின் அட்டையில் அவர் படம் வந்தது. அவரது புகழ் அந்த அட்டைகளோடே நின்றது. நாற்பதைந்து கிலோ பளுவைக் குறித்து வைத்த வரலாறு, இடுப்பில் ஏறிய குழந்தையின் எடையைக் குறித்து வைப்பதில்லை. தாயான பின் பெண் என்ன செய்தாலும் அதை ஓய்வு என்று எழுதிவிடுவது நம் பழக்கம்.

1958 இறுதியில் நகர நிர்வாகம் மசில் பீச்சை மூடியது. தசைத்திரட்சி ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட முதல் பெண்கள் போட்டி எனப் பொதுவாகக் கருதப்படுவது 1977இல் ஓஹாயோவின் கேன்டனில் நடந்தது. 1980இல் முதல் 'மிஸ் ஒலிம்பியா' பட்டத்தை ரேச்சல் மெக்லிஷ் வென்றார். அவ்வாண்டு ஆபிக்கு அறுபத்து மூன்று வயது, லாராவுக்கு இருபத்தேழு.

பன்னாட்டு உடற்கட்டுக் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் அவரைத் தன் புகழ்க் கூடத்தில் சேர்த்தது. லெஸ் 2004இல் மறைந்தார். சாண்டா மோனிகாவிலேயே 2006 ஜூன் 26 அன்று ஆபி காலமானார்.