அச்சத்திற்கு எத்தனை பெயர்?

அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து, "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க ஐயா, என்னமோ பயமா இருக்குங்க" என்று முறையிடுவதாகக் கொள்வோம். லயத்திலுள்ள மூத்தோர் அதனைக் காற்றுக் கருப்பு என்பர். கங்காணி வேலைக் கள்ளம் என்பார். வைத்தியரோ இருதய நோயாக இருக்குமோ என ஐயுறுவார். துன்பம் ஒன்று, பெயர்கள் மூன்று. இக்குழப்பம் மலையகத்திற்கு மட்டும் உரியதன்று. உலகின் பெரும் வைத்தியர்களும் நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்வினாவில் மாறுபட்டே வந்துள்ளனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் கண்ட படபடப்பை, டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871 இல் இருதயத்தின் கோளாறாகவே விவரித்தார். அதற்குச் சற்று முன்னர், 1869 இல், ஜார்ஜ் பியர்டு அச்சம், அயர்ச்சி, உறக்கமின்மை யாவற்றையும் நரம்புத் தளர்ச்சி என்னும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தார். 1895 இல் வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டு அம்மூட்டையை அவிழ்த்து, பதகளிப்பைத் தனி நோயாகப் பிரித்தெடுத்தார்.

பின்னர் எழுந்தது பெரியதொரு வழக்கு. உள்மனத்தின் போராட்டமே நோயின் வேர். ஆதலின் வேரைக் கொண்டே வகுக்க வேண்டும் என்றனர் பிராய்டின் வழியினர். வேர் எவர் கண்ணுக்கும் தெரியாது. வெளிப்படும் அறிகுறிகளைக் கொண்டே வகுப்போம் என்றனர் மற்றையோர். திடீரெனத் தாக்கும் பேரச்சத்தை இமிப்பிரமின் என்னும் மருந்து தணிப்பதையும், 'மீண்டும் வந்துவிடுமோ' என்னும் ஏக்கத்தை அது அவ்வாறு தணியாமையையும் டொனால்டு கிளைன் 1960களில் எடுத்துக் காட்டினார். அவ்விரண்டும் வேறு வேறு என்னும் கருத்து வலுப்பெற்றது. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல், ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில், அறிகுறியின் பக்கமே சாய்ந்தது.

ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. 2013 இல் அதே நூல், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் நோயையும், பேரிடருக்குப் பின் தோன்றும் மனவடுவையும் பதகளிப்பின் குடும்பத்திலிருந்து வெளியேற்றியது. சோர்வும் அச்சமும் கலந்து வருவோர்க்கு உலகச் சுகாதார நிறுவனம் தனி வகையொன்று வைத்திருக்க, அமெரிக்க நூல் அதனை ஏற்கவில்லை.

நம் நாட்டிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனியொருவர் நெஞ்சோடு நிற்பதன்று. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குவது என்று வற்புறுத்தினார். ஒருவரை மட்டும் நோக்கும் வகைப்பாட்டில் அத்துன்பம் முழுவதும் அடங்குமோ?

வகுத்தல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். வேலைக் கள்ளம் என்று பெயரிட்டால் அப்பெண்ணுக்குக் கிடைப்பது ஏச்சு. நோய் என்று பெயரிட்டால் கிடைப்பது சிகிச்சை. எனினும் அறிஞர் வகுத்த பெட்டிகள் காலந்தோறும் மாறின. அவள் நெஞ்சின் படபடப்பு மாறவில்லை. ஆதலின், பெயர் சூட்டுமுன் அவள் சொல்வதை முழுதும் கேட்பதே வைத்தியத்தின் முதற்படியாகும்.