ஓருடலில் இரு மருத்துவம்

யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாறு, இரு மரபுகள் ஒரே மண்ணில் அடுத்தடுத்து வேரூன்றிய வரலாறாகும். தமிழரசர் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய நூல்களை ஏடுகளிற் பேணிப் பரம்பரை வைத்தியர் நோய் தீர்த்து வந்தனர். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தை வளர்த்தார்.

கிறீனின் பெருந்தொண்டு, அம்மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தமையாகும். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் பற்றிய ஆங்கில நூல்கள் தமிழாயின. இந்திய மருந்துப் பொருள்களை ஆராய்வதும் 'இந்து பதார்த்த சாரம்' என வெளிவந்தது. நோயாளியின் மொழியை மருத்துவன் அறிதல் வேண்டும் என்பதே இம்முயற்சியின் உட்கிடை எனலாம்.

அவ்வுட்கிடை இன்று முன்னிலும் தேவையானது. காலையில் ஆசுபத்திரி மாத்திரையும் மாலையில் பரியாரியாரின் சூரணமும் உண்போர் நம்மிடையே பலர். மூலிகை தீங்கற்றது என்னும் நம்பிக்கையால் ஒன்றை மற்றவரிடம் கூறாது விடுகின்றனர். பிணியைத் தணிக்கும் ஆற்றலுடைய பொருள், பிறிதொரு மருந்தின் ஆற்றலை மாற்றவும் வல்லது. திரிகடுகிலுள்ள மிளகும் திப்பிலியும், வலிப்பு நோய்க்குரிய பெனிற்றோயின் போன்ற மருந்துகள் குருதியில் மிகுதற்குக் காரணமாகலாம். அதிமதுரத்தை நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் உயர்ந்து பொட்டாசியம் குறையும். சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உண்போர்க்கு இக்குறைவு மேலும் பெருகும். பாவற்காய்ச் சாறு நீரிழிவு மருந்தோடு சேரின், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். இரத்தம் உறையாதிருக்க வாபரின் உண்பவர், உள்ளியை மருந்தளவில் உட்கொள்ளின் குருதிப்பெருக்குக்கு இடமுண்டு.

ஆதலின், சூரணத்தின் பெயரையும் அளவையும் ஆசுபத்திரி வைத்தியரிடம் கூறுதலும், மருந்துச் சீட்டைச் சித்த வைத்தியரிடம் காட்டுதலும் கடமையாகும். சத்திரசிகிச்சைக்கு முன் இது மிக இன்றியமையாதது. தாமாகவே எம்மருந்தையும் திடீரென நிறுத்துதலும் தகாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மேலை மருத்துவமும் 1984இல் சித்த மருத்துவமும் பாடநெறிகளாயின. ஒரு கழகத்தின் கீழ் இடம்பெற்ற இவ்விரண்டும் நோயாளியின் படுக்கையருகிலும் பேசிக்கொள்ளுதல் வேண்டும். அதுவரை, இரண்டையும் அறிந்தவர் நோயாளி ஒருவரே. அவருடைய மௌனமே அவருக்கு நஞ்சாகலாம்.