எழுதுகோலைத் தடுத்த குரல்

கடவுளின் குரலைக் கேட்டதாகக் கூறுவோர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அக்குரலின் பெயரால் படை நடத்தியோரும் உண்டு, பட்டினி கிடந்தோரும் உண்டு. எனவே, தமது அன்றாட வாழ்வில் இறைவனின் குரலைக் கேட்பதாக ஒரு கிறிஸ்தவர் சொல்லும்போது, அது இறைவனின் குரல்தானா அல்லது அவரது சொந்த விருப்பத்தின் எதிரொலியா என்ற வினா எழுவது இயல்பே. இவ்வினாவுக்கு வரலாற்றில் நான் கண்ட நேர்மையான விடைகளுள் ஒன்று 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில், ஒரு சிறு கடையின் எழுத்து மேசையிலிருந்து கிடைக்கின்றது.

அங்கு பணிபுரிந்த இளைஞரின் பெயர் ஜோன் வூல்மன். 1720இல் நியூ ஜேர்ஸியில் பிறந்த அவர், குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஃபொக்ஸ் முதலானோரின் போதனையால் உருவான இச்சபையின் வழிபாட்டில் குருவானவரும் இல்லை, பலிபீடமும் இல்லை. அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் இறைவன் ஏவுவதாக உணர்பவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து பேசுவார்.

இந்த வழியில் ஆபத்தும் இருந்தது. 1656 ஒக்டோபரில் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர், இயேசு எருசலேமுக்குள் பிரவேசித்ததைப் போன்று, அடியார்கள் புகழ்பாடிச் சூழ்ந்துவர பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் சென்றார். இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவரைத் தெய்வநிந்தனைக் குற்றவாளியாகத் தீர்த்து, நெற்றியில் சூடிட்டு, நாவிலும் துளையிடச் செய்தது. தண்டனையின் கொடூரம் ஒருபுறமிருக்க, தனிமனிதர் கேட்ட குரலைச் சபை கூடிச் சோதித்தறிய வேண்டும் என்ற பாடத்தைக் குவேக்கர்கள் இச்சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

வூல்மனின் கதைக்கு வருவோம். 1742 அளவில் அவரது முதலாளி தம்மிடமிருந்த கறுப்பின அடிமைப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டு, அதற்கான விற்பனை உறுதியை எழுதுமாறு அவரைப் பணித்தார். வாங்குபவர் காத்திருந்தார். அவரும் ஒரு குவேக்கரே, வயதில் முதியவர். வூல்மனின் மனம் கலங்கியது. எனினும் எழுதிக் கொடுத்தார். ஆனால், அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ சமயத்துக்கு முரணானது எனத் தாம் நம்புவதாக இருவரின் முன்னிலையிலும் கூறினார். அப்படிக் கூறியும் அவரது மனம் முழுமையாக ஆறவில்லை. பின்னர் வேறொருவர் அத்தகைய பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார். காயமுற்ற அயலவரொருவர் மரணசாசனம் எழுதக் கேட்டபோது, அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை எழுதினார். இருவரும் பேசினார்கள். இறுதியில் அப்பெண்ணை விடுதலை செய்ய அயலவர் இணங்கினார்.

எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த இடம் மிக முக்கியமாகப் படுகின்றது. அவர் கேட்டது இடிமுழக்கம் அன்று. அன்றாட வேலைக்கு நடுவே எழுதும் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை.

ஆயினும், அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களும் அதே மௌனத்தில் அமர்ந்து வழிபட்டவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1688இலேயே பிலடெல்பியாவை அடுத்த ஜேர்மன்டவுனில் நால்வர் கையொப்பமிட்டு அடிமைமுறைக்கு எதிரான முறைப்பாடொன்றைச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். அது ஒரு கூட்டத்திலிருந்து மேற்கூட்டத்துக்கு அனுப்பப்பட்டு, இறுதியில் கிடப்பில் போடப்பட்டது. காது கேட்க விரும்பாததை மௌனத்தாலும் கேட்கச் செய்ய இயலாது.

வூல்மன் தமது சபையைவிட்டு வெளியேறவில்லை. 1746இல் வேர்ஜீனியா, வட கரோலினா வரை பயணஞ்செய்து அடிமைகளின் நிலையை நேரிற் கண்டார். அதன்பின் எழுதிய நூலை உடனே அச்சிடாமல், சபையாரின் பரிசீலனைக்குச் சமர்ப்பித்து 1754இல் வெளியிட்டார். வியாபாரம் பெருகியபோது, அது மனதை ஆக்கிரமிக்கின்றது என்று அதனைக் கைவிட்டுத் தையலையும் பழத்தோட்டத்தையும் நம்பி வாழ்ந்தார். 1757இல் மீண்டும் தெற்கே சென்றபோது, அடிமை உரிமையாளர் வீடுகளில் தங்க நேர்ந்தால், தமக்கு ஊழியம் செய்த அடிமைகளுக்குப் பணம் கொடுத்தார். பிற்காலத்தில் சாயமிடாத ஆடைகளையே அணிந்தார். பலருக்கு அவர் விசித்திரமான மனிதராகத் தோன்றினார்.

1758இல் பிலடெல்பியாவின் வருடாந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்களை வீடு வீடாகச் சென்று சந்திக்க ஒரு குழுவைக் கூட்டம் நியமித்தது. வூல்மனும் அக்குழுவில் ஒருவர். 1776இல் அதே வருடாந்தக் கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. அதனைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. 1772இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது பெரியம்மை நோய் கண்டு, ஒக்டோபர் 7ஆம் திகதி யோர்க் நகரில் காலமானார்.

நெய்லரும் வூல்மனும் தாம் கேட்டது ஒரே இறைவனின் குரல் என்றே நம்பினார்கள். பிரிஸ்டல் வீதியில் அந்த நம்பிக்கை ஒரு மனிதரைப் பிறர் வணங்கும் நிலைக்கு உயர்த்தியது. நியூ ஜேர்ஸிக் கடையிலோ அது தையற்காரரின் வருமானத்தைக் குறைத்து, பெயர் தெரியாத பெண்களின் விலங்கைத் தளர்த்தியது. குரலைச் சோதிக்க விரும்புவோர், கேட்டவருக்கு அது எதைக் கொடுத்தது, அவரிடமிருந்து எதைக் கேட்டு வாங்கியது என்று முதலில் பார்க்கலாம். அன்று விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயரை வூல்மன் தமது குறிப்பேட்டில் எழுதவில்லை. ஆனால், அவளது விற்பனை உறுதியை எழுதிய கை அதன்பின் அத்தகைய இன்னொன்றை எழுத மறுத்தது.